நோயாளி இல்லாத வைத்தியர்கள்

நம் சங்கத்துக் குடும்பமொன்றில் ஒரு பிள்ளையோ பெண்ணோ வைத்தியப் பட்டம் பெற்றுவிட்டால், அச்செய்தி அன்று மாலைக்குள் காலனி முழுவதும் பரவிவிடுகிறது. வாழ்த்த வருவோர் அனைவரும் கேட்கும் அடுத்த வினா ஒன்றுதான்: “மேலே எதில் படிப்பதாக உத்தேசம்?” இருதயம், எலும்பு, கண் என்று விடை வந்தால் கேட்டவர் முகம் மலர்கிறது. “பொதுச் சுகாதாரம்” என்று விடை வந்தாலோ, கூடத்தில் சற்று நேரம் மௌனம் நிலவுகிறது. பின்னர், “சாக்கடையையும் கொசுவையும் பார்ப்பதற்கா தம்பி, இவ்வளவு படிப்பு?” என்று பெரியவர் ஒருவர் பரிவோடு வினவுகிறார்.

அவ்வினாவை நாம் எள்ளி நகையாடப் புகவில்லை. அதனுள் இரண்டு ஐயங்கள் அடங்கியுள்ளன. இத்தொழிலுக்கு மதிப்பு உண்டா என்பது ஒன்று. படித்தபின் அமர்வதற்கு நாற்காலி உண்டா என்பது மற்றொன்று. முதல் ஐயத்திற்கு வரலாறு தெளிவான விடை தருகிறது. இரண்டாவதற்கு அது தரும் விடை அத்துணை இனிப்பானதன்று. ஆயினும், இக்கல்விக்கென்றே எழுந்த பெரிய கலாசாலை நாம் வாழும் இந்தக் கல்கத்தா மாநகரிலேயே இருப்பதாலும், அதன் கதையோடு சென்னை மாகாணத்தின் கதையும் பின்னிக் கிடப்பதாலும், இவ்விரண்டையும் நம் ஆண்டு மலரில் எடுத்துரைப்பது பொருந்தும் என எண்ணினோம்.

தொழிலின் தோற்றம்

வந்த நோயைத் தீர்ப்பது ஒரு கலை; வராமல் தடுப்பது மற்றொரு கலை. முதற் கலையில் வல்லவருக்கு நோயாளி கைகூப்பி நன்றி சொல்லுகிறான். இரண்டாம் கலையில் வல்லவருக்கு நன்றி சொல்ல ஆள் இல்லை. காலரா தலைகாட்டாத ஊரில், “எனக்குக் காலரா வரவில்லை” என்று சுகாதார அதிகாரிக்கு மாலை சூட்டியவர் எவரேனும் உண்டோ? இத்தொழிலின் பெருமையும் இடர்ப்பாடும் இங்கேயே தொடங்குகின்றன.

நம் நாட்டில் இத்தொழில் பிறந்தது மக்களின் பொருட்டன்று, சிப்பாய்களின் பொருட்டே. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் போரில் மாண்டதைவிட நோயில் மிகுதியாக மாண்டனர். இதனை ஆராய 1859-இல் நியமிக்கப்பெற்ற ராயல் கமிஷன் 1863-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாக 1864-இல் வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் அமைந்தன. படைவீடுகளைச் சுற்றிச் சாக்கடை ஓடியது, குடிநீர் சீர்பெற்றது. அதற்கப்பால் இருந்த கிராமங்களை எவரும் பெரிதாக எண்ணிப் பார்த்திலர்.

1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியபோதுதான், படைவீட்டிற்குச் சுவரெடுத்து நோயை நிறுத்தவியலாது என்பது ஆட்சியாளருக்கு விளங்கிற்று. அதற்கு அடுத்த ஆண்டில், செகந்தராபாத்திலிருந்த ரொனால்டு ராஸ் என்னும் படை வைத்தியர், அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1898-இல் அவரே கல்கத்தாவிற்கு வந்து, பறவைகளிடத்தே அக்கிருமி கொசுவின் வாயிலாகப் பரவும் முறையை முழுதும் நிறுவினார். இவ்வுண்மைக்காக 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. கொசுவைப் பார்ப்பதற்கா இவ்வளவு படிப்பு என்பார்க்கு, இதனினும் சிறந்த விடை வேறென்ன வேண்டும்?

இருப்புப்பாதையும் மலேரியாவும்

ரயில்வேயில் சம்பளம் வாங்கும் நாம் இவ்விடத்தே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. வங்காளத்தின் பொதுச் சுகாதார டைரக்டராக விளங்கிய சார்லஸ் பென்ட்லி என்பவர், வங்காளத்து மலேரியாவையும் விவசாயத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, 1925-இல் ஒரு நூல் வெளியிட்டார். முற்காலத்தில் மழை நாட்களில் ஆறுகள் கரைபுரண்டு வயல்களில் பரவும்; வண்டலைச் சேர்க்கும்; தேங்கிய நீரை அடித்துக்கொண்டு போகும். பின்னர் இருப்புப்பாதைகளுக்கும் சாலைகளுக்கும் உயர்ந்த கரைகள் எழுந்தன. அவற்றில் போதிய மதகுகள் வைக்கப்பெறவில்லை. வெள்ளத்தின் வழி அடைபட்டது. நிலம் வளங்குன்றியது; குட்டைகள் பெருகின; கொசு பெருகிற்று; மலேரியா ஊர்களைச் சூறையாடிற்று. இதுவே அவர் கூற்றின் சாரம். நாகரிகத்தின் சின்னமென நாம் போற்றும் தண்டவாளமே, கீழிருக்கும் மதகு குறைந்தால், காய்ச்சலுக்கும் பாதையிடும் என்பதை உணர்ந்தபோது நாம் சற்றே தலைகுனிந்தோம்.

அதே ரயில்வே இதற்குப் பரிகாரமும் தேடியது என்பதையும் சொல்ல வேண்டும். கார்டன் ரீச்சைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வங்காள நாகபுரி ரயில்வே, மலேரியாவை ஆராய்வதற்கென்றே ரொனால்டு சீனியர்-வொயிட் என்னும் நிபுணரை அமர்த்தியிருந்தது. அவர் பூச்சியியல் வல்லுநர். எந்தக் கொசு எந்த நீரில் முட்டையிடும் என்பதை அறிந்து, அந்நீரை மட்டும் மாற்றினால் போதும் என்னும் வழியில் இப்பணி நடந்தது. பொதுச் சுகாதாரம் ஸ்டெதஸ்கோப் அணிந்தவர்க்கு மட்டுமே உரிய தொழிலன்று என்பதற்கு இதுவொரு சான்று. பூச்சியியலார், பொறியியலார், புள்ளியியலார், செவிலியர் ஆகிய யாவர்க்கும் இதில் இடமுண்டு.

சித்தரஞ்சன் அவென்யூவில் ஒரு கலாசாலை

1919-ஆம் ஆண்டு அரசியற் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பொதுச் சுகாதாரம் மாகாண மந்திரிகளின் பொறுப்பாயிற்று. இலாகாக்கள் பிறந்தன, அதிகாரிகள் தேவைப்பட்டனர். நெடுங்காலம் இத்துறையில் உயர்கல்வி வேண்டியோர் பலர் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, டி.பி.எச். என்னும் பொதுச் சுகாதாரப் பட்டயம் பெற்று மீண்டனர். அங்குக் கற்றதோ குளிர்நாட்டுச் சுகாதாரம். இங்குக் காத்திருந்தவையோ காலரா, காலா ஆஜார், மலேரியா, கொக்கிப்புழு.

இக்குறை தீர, 1932-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், சித்தரஞ்சன் அவென்யூவில் வெப்பநாட்டு மருத்துவக் கலாசாலையை அடுத்து, அகில இந்தியச் சுகாதார - பொதுச் சுகாதார நிலையம் தோன்றியது. நிலத்திற்கும் கட்டடத்திற்கும் கருவிகளுக்கும் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிலையம் பொருள் உதவிற்று. நடத்தும் பொறுப்பை இந்திய அரசாங்கம் ஏற்றது. இவ்வகைக் கலாசாலை தென்கிழக்கு ஆசியாவிலேயே இதுதான் முதலாவது என்பர். பட்டம் பெற்ற வைத்தியர்கள் இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் இங்கே வந்து, நோய்ப்பரவல் இயல், பிறப்பு இறப்புப் புள்ளிவிவரம், உணவியல், மலேரியா ஒழிப்பு, சுகாதார நிர்வாகம் ஆகியவற்றைக் கற்றனர்.

வைத்தியக் கல்லூரியில் ஒரு மாணவன் ஒரு நோயாளியின் நாடியைப் பார்க்கக் கற்கிறான். இங்கோ, ஓர் ஊரின் நாடியைப் பார்க்கக் கற்றான். ஒரு மாதத்தில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை இறந்தன, இறந்தவை எந்தத் தெருவில், அத்தெருவினர் எந்தக் கிணற்றில் நீர் எடுக்கின்றனர் என்று எண்ணி எழுதுவதே இக்கல்வியின் அரிச்சுவடி. நாளெல்லாம் பேரேட்டில் தொகைகளைக் கூட்டிக் கழிக்கும் குமாஸ்தாக்களாகிய நமக்கு, எண்களால் உயிரைக் காக்கலாம் என்னும் செய்தி தனியொரு மகிழ்ச்சி தருகிறது.

சுவருக்குள் கற்பது மட்டும் போதாது என்று கருதி, 1939-இல் ஹூக்ளி ஜில்லாவின் சிங்கூரில் ஒரு கிராமச் சுகாதார நிலையம் நிறுவப்பெற்றது. ஹவுராவிலிருந்து தாரகேசுவரம் செல்லும் லோக்கல் வண்டியில் ஏறியவர்கள் அந்நிலையத்தின் பெயர்ப் பலகையைக் கண்டிருப்பர். நகரத்தில் பாடங்கேட்ட மாணவர் அங்கே சென்று வீடு வீடாக ஏறி இறங்கினர். அவ்வாண்டு முதல் 1945 வரை கலாசாலையின் டைரக்டராக இருந்தவர் ஜான் கிராண்ட் என்னும் அறிஞர். அவர் சீனத்தில் பிறந்து, பீகிங்கில் நெடுநாள் இப்பணியே புரிந்தவர். மக்கள் வாழும் இடமே சுகாதார மாணவனுக்கு ஆய்வுக்கூடம் என்பது அவருடைய கொள்கை. பின்னர் 1955-இல், நகரத்து ஏழை மக்களின் நிலையை அறிவதற்காகக் கல்கத்தாவின் சேத்லாவிலும் ஒரு சுகாதார நிலையம் இக்கலாசாலையின் சார்பில் ஏற்பட்டது.

சென்னை மாகாணம் தேர்ந்த வழி

இனி, தெற்கே திரும்புவோம். சென்னை மாகாணத்தில் 1920-களின் தொடக்கத்திலேயே பொதுச் சுகாதாரம், ஆஸ்பத்திரி நிர்வாகத்தினின்று வேறாகத் தனி இலாகாவாக அமைந்துவிட்டது. 1939-இல், சிங்கூர் நிலையம் தோன்றிய அதே ஆண்டில், சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இராஜாஜியின் முதல் மந்திரிசபையில் சுகாதாரப் பொறுப்பை ஏற்றிருந்தவர் திருச்சிராப்பள்ளி டாக்டர் தி. சே. சௌ. ராஜன், தாமே வைத்தியர். இந்தியாவில் இத்துறைக்கென ஏற்பட்ட முதல் முழுமையான சட்டம் இதுவே. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் அறிவிப்பு, தாய் சேய் நலம், கொசு ஒழிப்பு, உணவுக் கலப்படம், சத்திரங்கள் என யாவும் இதில் அடங்கும். திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் ஒரு தனி அத்தியாயம் உண்டு. தேரும் தெப்பமும் நடைபெறும் ஊரில் காலரா எவ்வாறு பரவும் என்பதை அறிந்தோர் எழுதிய சட்டம் இஃது என்பது அதனாலேயே விளங்கும்.

இச்சட்டத்தால் சுகாதார அதிகாரி என்பவர் வெறும் ஆலோசகராக இல்லாமல், ஒரு கிணற்றை மூடவும் ஒரு கடையைப் பூட்டவும் அதிகாரம் பெற்றவரானார். படித்த படிப்புக்கு ஒரு பதவியும், பதவிக்கு ஒரு சட்டமும் துணை நின்றன.

1943-இல் இந்திய அரசாங்கம் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு சுகாதார விசாரணைக் குழுவை நியமித்தது. நம் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும், வங்காளத்தின் டாக்டர் பி. சி. ராயும், மேலே சொன்ன கிராண்டும் அதன் அங்கத்தினர்கள், டாக்டர் கே. சி. கே. இ. ராஜா காரியதரிசி. 1946-இல் வெளிவந்த அறிக்கை, முதற்கட்டமாக 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்பச் சுகாதார நிலையம் வேண்டுமென்றது. ஒவ்வொரு வைத்திய மாணவனும் மூன்று மாதம் தடுப்பு மருத்துவமும் சமூக மருத்துவமும் பயில வேண்டுமென்றது. நோய் தீர்க்கும் பணியும் நோய் தடுக்கும் பணியும் ஒரே நிர்வாகத்தில் இணைய வேண்டும் என்பதும் அதன் சிபாரிசுகளுள் ஒன்று.

நோக்கம் உயர்ந்ததே. ஆனால் நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. சுதந்திரத்திற்குப்பின் பெரும்பாலான ராஜ்யங்களில் இரண்டு இலாகாக்களும் ஒன்றாக்கப்பட்டன. வாசலில் நோயாளிகள் வரிசையாய் நிற்கும்போது, கிணற்றுக்குக் குளோரின் இட யார் போவார்? அழுகிற குழந்தைக்கே பால் என்பதுபோல, பணமும் ஆளும் ஆஸ்பத்திரிக்கே சென்றன. சுகாதாரப் பட்டயம் பெற்றவருக்கெனத் தனிப் படிக்கட்டு இல்லாது போயிற்று. அறுவை வைத்தியர் ஒருவர் பதவி மூப்பினால் ஜில்லாச் சுகாதாரத் தலைவராகலாம்; டி.பி.எச். படித்தவர் புறநோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கலாம். இந்நிலையில் இளைஞர் இப்படிப்பை விரும்பாது விலகியதில் வியப்பென்ன? முன் கூறிய பெரியவரின் ஐயம் இங்கிருந்து பிறந்ததே.

தமிழ்நாடோ தன் தனி இலாகாவைக் கைவிடவில்லை. பொதுச் சுகாதாரத்திற்கென ஒரு டைரக்டர், அவருக்கென ஒரு நிதி ஒதுக்கீடு, அவருக்குக் கீழே பட்டயம் பெற்ற அதிகாரிகள், பூச்சியியலார், சுகாதார ஆய்வாளர்கள், கிராமச் செவிலியர்கள் என அவ்வமைப்பு நூறாண்டைக் கடந்து நிற்கிறது. இளம் அதிகாரியாகச் சேர்ந்தவர் களத்திலேயே பழகி, படிப்படியாக உயர்ந்து, டைரக்டர் பதவியையே எட்டலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடற்கரையைச் சூறையாடியபோது இதன் பயன் உலகறிய விளங்கிற்று. ஆயிரக்கணக்கானோர் அலையில் மாண்டனர். ஆனால் உயிர் பிழைத்துக் கூடாரங்களில் நெருங்கி வாழ்ந்தோரிடையே பெருந்தொற்று எதுவும் எழவில்லை. பல ஜில்லாக்களிலிருந்தும் விரைந்த சுகாதாரப் பணியாளர்கள் குடிநீரில் குளோரின் அளவைப் பார்ப்பதிலும், கழிப்பிடம் அமைப்பதிலும், கண்காணிப்பதிலும் இரவும் பகலும் ஈடுபட்டனர். வராத காலராவிற்குப் படம் எடுக்கவியலாது. ஆதலின் செய்தித்தாளில் அது பெரிதாக வரவில்லை.

இரண்டு வாழ்க்கைகள்

ஒரு பட்டதாரி இத்துறையில் வாழ்க்கையை எவ்வாறு கட்டி எழுப்பலாம் என்பதற்கு இருவரை எடுத்துக்காட்டுவோம்.

ஒருவர் டாக்டர் சி. கோபாலன். 1918-இல் சேலத்தில் பிறந்தவர், சென்னையில் எம்.டி. பட்டமும் லண்டனில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றவர். அவர் விரும்பியிருந்தால் நகரில் பெரிய வைத்தியராய் வாழ்ந்திருக்கலாம். அவர் புகுந்ததோ குன்னூரிலிருந்த உணவு ஆராய்ச்சிச் சாலை. அது 1958-இல் ஐதராபாத்திற்கு மாறியபோது அவரும் உடன் சென்றார். பின்னர் அதன் டைரக்டரானார். சோளத்தையே முக்கிய உணவாக உண்போரிடம் பெல்லாக்ரா என்னும் நோய் தோன்றுவதன் காரணத்தை ஆராய்ந்தார். வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வையிழப்பதைத் தடுக்க, ஆறு மாதத்திற்கொருமுறை அதனைப் பேரளவில் புகட்டும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கிற்று. அதற்கு அடிப்படை அமைத்தது அவர் நிலையத்தின் ஆராய்ச்சியே. 1974 முதல் 1979 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமைப் பொறுப்பை வகித்தார். ஓய்வுபெற்ற பின்னும் ஓயாது, 1980-இல் இந்திய ஊட்டச்சத்து அறநிலையத்தை நிறுவினார். 2019-இல், தம் நூறாம் வயதில் மறைந்தார்.

மற்றவர் நம் கல்கத்தாவின் டாக்டர் திலீப் மகலனாபிஸ். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இங்கிலாந்தில் குழந்தை வைத்தியத்தில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவர். 1971-இல் வங்கதேசப் போரினால் அகதிகள் எல்லை கடந்து பெருகியபோது, பன்காவ் முகாமில் காலரா மூண்டது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவிட்டது. அவர் குளூக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை அளவறிந்து கலந்து, நீரில் கரைத்து வாய்வழியே புகட்டச் செய்தார். புகட்டியவர் யார்? தாதியரன்று, நோயாளிகளின் தாயும் தந்தையும் உடன்பிறந்தோருமே. முன்பு நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில், இக்கரைசல் அருந்தியோருள் இறந்தோர் நூற்றுக்கு 4-க்கும் குறைவே. இன்று மருந்துக் கடை தோறும் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலத்தின் மீது உலகத்தார் கொண்ட நம்பிக்கைக்கு அம்முகாம் ஒரு பெருங்காரணம். 2022-இல் அவர் இதே நகரில் மறைந்தார். நம்மில் எத்தனை பேர் அன்று அச்செய்தியைக் கவனித்தோம்?

இருவரும் கற்ற கல்வியும் செய்த பணியும் வேறு. ஒன்றில் மட்டும் ஒத்திருந்தனர்: படித்து முடித்த பின் நோயாளி தம்மை நாடி வரட்டும் என்று அவர்கள் காத்திரார், நோய் இருக்கும் இடத்தை நாடித் தாமே சென்றனர்.

இன்றைய மாணவர்க்கு

இன்று வாயில்கள் பல திறந்துள்ளன. 1997-இல் திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிலையத்தின் அச்சுத மேனன் மையத்தில் எம்.பி.எச். எனும் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு தொடங்கிற்று. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவல் இயல் நிலையம் 2001 முதல் களப் பயிற்சியோடு கூடிய முதுநிலைக் கல்வி அளிக்கத் தொடங்கியது. 2006-இல் இந்தியப் பொதுச் சுகாதார அறநிலையம் தோன்றியது. வைத்தியர் அல்லாத பட்டதாரிகளும் இப்படிப்பில் சேரலாம் எனும் நிலை பரவிவிட்டது.

கலாசாலைகள் பெருகினும் நாற்காலிகள் அதே வேகத்தில் பெருகவில்லை. ஆதலின், ஒவ்வொரு ராஜ்யமும் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி உத்தியோகப் பிரிவு அமைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதாரக் கொள்கை கூறிற்று. கோவிட் பெருந்தொற்று நாட்டையே உலுக்கிய பிறகு, 2022-இல் மத்திய அரசாங்கம் அதற்கான வழிகாட்டுக் குறிப்பை ராஜ்யங்களுக்கு அனுப்பிற்று. தெற்கே நூறாண்டுகளுக்குமுன் செய்த ஏற்பாட்டைப் பிறரும் நாடும் காலம் வந்துவிட்டது எனலாம்.

ஆகவே, இத்துறையை விரும்பும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத்தக்கவை இரண்டு. பட்டத்தின் பெயரைப் பார்த்துக் கலாசாலையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டாம். அதற்கொரு சிங்கூர் உண்டா, அதாவது வீடு வீடாய் ஏறி இறங்கிக் கற்க ஒரு களம் உண்டா என்று கேளுங்கள். படித்து முடித்தவர்கள் எந்தப் பதவியில் அமர்ந்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒப்பந்த வேலையில் தொடங்க நேரிடினும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் ஒரு நோயையோ ஓர் ஊரையோ ஒரு வித்தையையோ தமதாக்கிக் கொள்ளாமல் திட்டத்திற்குத் திட்டம் தாவுவோர்க்கு இத்தொழில் கைகூடுவது அரிது.

முடிவாக, நம் கண்முன் நிகழ்ந்த ஒன்றைக் கூறி அமைவோம். போலியோ ஒழிப்பு நடந்த ஆண்டுகளில், ரயில் நிலையங்களிலும் ஓடும் வண்டிகளிலும்கூடக் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிய பணியாளர்கள் குழந்தைகளைத் தேடித் தேடிச் சொட்டு மருந்து ஊற்றினர். நெரிசலில் அவர்களை நாமும் முணுமுணுத்துக்கொண்டே கடந்து சென்றதுண்டு. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில், நமக்கு ஆற்றின் அக்கரையிலிருக்கும் ஹவுரா ஜில்லாவில் ஒரு பெண் குழந்தைக்கு அந்நோய் கண்டது. இந்தியாவின் கடைசி நோயாளி அக்குழந்தையே. 2014 மார்ச் 27-இல் நாடு போலியோ அற்றதென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்று கிடைத்தது.

சாக்கடையையும் கொசுவையும் பார்ப்பதற்கா இவ்வளவு படிப்பு என்று இனி எவரேனும் வினவினால், ஆம், அதற்கேதான் என்று அடக்கத்தோடு விடை கூறுவோம். அத்துடன் நில்லாது, அவ்வாறு படித்து வரும் நம் பிள்ளையையும் பெண்ணையும் அடுத்த ஆண்டு விழா மேடைக்கு அழைத்து, இருதய வைத்தியருக்குப் போடும் அதே மாலையை அவர்களுக்கும் போடுவோமாக.